சிவலையின் கண்கள்

என் கோபத்தை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன். அதனால்தான் மாட்டுவண்டிச் சவாரியில் எங்கள் சிவலை முதலாவதாக ஓடிவந்த படத்தைப் பெரிதாக்கி விறாந்தையில் மாட்டினேன். அதில் மாட்டின் கண் பிதுங்கி வெள்ளை தெரியும், மூக்கு விரிந்திருக்கும்.

ஒரு பின்னேரம் கூட்டாளிகள் இருவர் வந்தார்கள். "என்ன கோபம் பாருங்கோ அண்ணை! உங்கடை மாடெண்டு முகத்திலையே எழுதிக் கிடக்கு," என்றார் ஒருவர். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "உது கோபமில்லை, பயம்," என்றாள்.

"மாட்டைப் பற்றி உனக்கென்னடி தெரியும்?" என்று அவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"மாட்டைப் பற்றித் தெரியாது. நீங்கள் கத்தேக்கை என்ரை முகமும் உப்பிடித்தான் கிடக்கும். அலுமாரிக் கண்ணாடியிலை எத்தினை தரம் பாத்திட்டன்."

வந்தவர்கள் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அவளை ஒரு பிடி பிடிக்கத் திரும்பினேன். நான் வாய் திறக்கும் முன்பே அவள் கண்களில் வெள்ளை தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக அதைத் திமிர் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தியிருக்கிறேன், மடையன்!

படத்தைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். சிவலையின் முதுகுக்கு மேலே, ஆணி வைத்த தடியோடு என் கை பளிச்சென்று தெரிந்தது. என்மேலேயே எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அந்தக் கையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.