மாலை இல்லாத படம்

கமலநாயகி நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டுதான் பூக் கட்டுவார். ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்து அந்தக் கலைக்கூடத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவருக்குத் தரைதான் வசதி. எதிரே, முன்னாள் அமெரிக்கச் சிப்பாய் எர்னெஸ்டோ செவ்வந்திகளைக் கிள்ளிக் கொடுப்பான். அவனோடும் தமிழில்தான் பேச்சு.

“தம்பி, காம்பை ஒட்டக் கிள்ளாதையும். பிறகு முடிச்சு நிக்காது.”

அவனுக்கு என்ன விளங்குமோ, அடுத்த பூ சரியாக வரும்.

கட்டடங்களைக் கூட்டித் துடைப்பது கமலநாயகியின் வேலை. இந்தக் கூடமும் அதில் ஒன்று. பழக்கம் அப்படி வந்தது. எர்னெஸ்டோ கலிபோர்னியாவில் பிறந்த மெக்சிக்கோ வம்சத்தான். கேட்டால் ‘சிக்கானோ’ என்று நெஞ்சை நிமிர்த்துவான். ஈராக்கிலிருந்து திரும்பியதும் பட்டாளத்தை விட்டுவிட்டு, இந்தக் கூடத்தில் போருக்கு எதிராகச் சுவரொட்டி அச்சடிக்கத் தொடங்கினான். அவற்றில் எலும்புக்கூடுகள் பட்டாளச் சப்பாத்துப் போட்டு ஆடும். கமலநாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

நவம்பர் பிறந்தால் அவன் இறந்தோருக்குப் படையல் மேடை கட்டுவான். அது மெக்சிக்கோக்காரர் வழக்கம். மெழுகுதிரி, ரொட்டி, செவ்வந்தி. தன்னோடு நின்று செத்த சிப்பாய்களின் படங்களையும் ஈராக்கியப் பிள்ளைகளின் படங்களையும் ஒரே வரிசையில் வைப்பான். இதற்காகவே பழைய கூட்டாளிகள் சிலர் அவனோடு பேசுவதில்லை. கமலநாயகிக்கோ அந்த ஒரே வரிசைதான் பிடித்தது. எந்த மாலையாவது குட்டையாகப் போனால் முழுவதையும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

இம்முறை மேல்படியில் ஓர் இடத்தை எர்னெஸ்டோ வெறுமையாக விட்டிருந்தான். கமலநாயகியின் மகன் ஆரூரனின் படத்துக்கு. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எர்னெஸ்டோ நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் கமலநாயகியின் கை நின்றுவிட்டது.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டுத் துஷானி மெல்லக் கேட்டாள். “பத்து வருசமாச்சு, அன்ரி. வைப்பமே?”

“மாலை போட்டா நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி. என்னால ஏலாது, பிள்ளை. எனக்குக் கோவமில்லையெண்டு அந்தத் தம்பியிட்ட டொச்சில சொல்லிவிடும்.”

துஷானி ஜேர்மன் மொழியில் சொன்னாள். எர்னெஸ்டோ முகம் சிவந்துபோய், ஒரு மெழுகுதிரியை அந்த இடத்துக்கு நகர்த்தினான்.

பின்னேரம் சனம் வந்து மேடையைச் சுற்றி வரிசையில் நகர்ந்தது. கமலநாயகியும் அதில் நின்றார். முறை வந்ததும் கைப்பையிலிருந்து ஆரூரனின் படத்தை எடுத்தார். மேடையில் வைக்கவில்லை. படத்தின் முகத்தை மேடைப் பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இறந்தவர் ஒவ்வொருவர் முன்னும் நின்று நின்று நடந்தார், மகனுக்குக் காட்டியபடி.