ராசிம் அடிக்க மறுத்த சொல்

“செத்தார்னு எழுதக்கூடாது ஹசீபா அக்கா. உங்க தம்பி தானா செத்தானா? கொன்னாங்க. பெரிய எழுத்துலயே போடுறேன்.” மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் அடக்கியபடி, தன் அச்சுக்கடைக் கணினியில் ராசிம் தட்டினான்.

எங்கள் போஸ்னிய ஊரில் யார் இறந்தாலும், நினைவு நாள் வந்தாலும், படத்தோடு ஒரு தாள் அடித்து மரத்தில் குத்தி வைப்போம். எங்கள் முஸ்லிம்களுக்குப் பச்சைக் கரை, கத்தோலிக்கருக்குக் கறுப்புக் கரை. போரில் அடித்துக்கொண்ட இரண்டு பக்கத்துக்கும் தாள் அடிப்பது ராசிம்தான்.

எங்கோ தூர தேசத்தில் குண்டு விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே அவனுக்குக் கண் கலங்கிவிடும். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். “சிலுவையைக் காட்டி பீரங்கிக்கு ஆசீர்வாதம் பண்ணானே அந்தப் பாதிரி, அவன் மனுசனா?” என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பான். எங்கள் பக்கம் சண்டை போட வந்து, மதத்தின் பேரால் கழுத்தறுத்த வெளிநாட்டுத் தாடிக்காரர்களைப் பற்றிக் கேட்டால், “உதவிக்கு வந்தவங்கப்பா. கொஞ்சம் முரட்டுப் பசங்க” என்பான்.

அன்றைக்கு எனக்குப் பேத்தி பிறந்து ஒன்பது நாள். பெயர் சூட்டும் அட்டை அடிக்க, வாயெல்லாம் பல்லாக அவன் கடையில் நின்றிருந்தேன். ஹசீபா போனதும் யெலா வந்தாள். கத்தோலிக்க ரொட்டிக் கடைக்காரர் யூரேயின் மனைவி. ராசிம் வளர்ந்ததே யூரேயின் ரொட்டியில்தான்.

“வாங்க யெலா அக்கா, காப்பி?”

“காப்பி கிடக்கட்டும். யூரே போய் இருபது வருசம். நானும் எத்தனை நாள் இருப்பேனோ. இந்தத் தடவையாவது கொன்னாங்கன்னு போடு.”

அவன் விரல் ‘காலமானார்’ என்றே தட்டியது. பத்துத் தாள்கள் வெளியே வந்தன.

“காலமானாரா? காய்ச்சல்லயா?”

“பழசைக் கிளறாதீங்கக்கா. எல்லாரும் ஒண்ணா இருக்கிற ஊரு.”

“இப்பத்தான் ஹசீபாவுக்குக் கிளறினியே, பெரிய எழுத்துல? வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் வரேன்.”

“அது வேறக்கா. அது இனவெறி. இது போர்க் குழப்பம்.”

“உங்க ஆளுங்கதான் என் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கடா. ஒரு குழப்பமும் இல்லை.”

ராசிம் என்னைப் பார்த்தான். நான் பேத்தியின் அட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

யெலா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். பத்துத் தாளிலும் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கொன்றார்கள்’ என்று நின்றபடியே எழுதினாள். தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சந்தை முனை மரத்தில் குத்திய தாளில் யூரே இருந்தார், மாவு படிந்த தொப்பியோடு. நான் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ராசிம் பச்சைக் கரைத் தாள் ஒன்றோடு வந்தான். தூக்கத்தில் உயிர் போன தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவரின் அறிவிப்பு. மரத்தைச் சுற்றி எவ்வளவோ இடம் காலி.

தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான். பிறகு கொஞ்சம் மேலே. யூரேயின் முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது. யெலா எழுதிய சொல்லின் மேல் கிழவரின் தாளோரம் சரியாக உட்கார்ந்ததும், நாலு பின் அடித்து, கட்டைவிரலால் அழுத்தித் தடவிவிட்டான்.