கருத்தம்மா எழுந்து நின்றது

கம்பெனி பஸ் வேலம்பாளையத்துக்குள் நுழைந்ததுமே கருத்தம்மா இருக்கையை விட்டு எழுந்துவிடுவாள். இறங்குவதற்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும். ஒரு கையில் கம்பி, மறு கையில் தூக்குவாளி.

"டிரைவருக்கு முன்னாடி நீ போயிருவ போலயேக்கா" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"பின்னால கெடந்து இடிபட என்னால ஆகாதுடி" என்பாள்.

பதினாறு வருடம் பக்கத்து இருக்கையில் வந்த அனுசுயா இதைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. மழை பொய்த்த ஒரு வருடம் கணவன் சந்தனத்தோடு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி ஆளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் ஆனவள். அனுசுயா சாத்தூர், செக்கிங் பிரிவில் வேலை. பனியனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் அவளுக்கு வாய் கிடையாது. லீவு வேண்டுமென்றாலும் சூப்பர்வைசர் திட்டினாலும் அவளுக்காகக் கருத்தம்மாதான் போய்ப் பேசுவாள்.

போன வருடம் கம்பெனிக்கு வெள்ளிவிழா. பழைய ஆட்கள் பத்துப் பேரை வடநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க விமானத்தில் அனுப்பினார் முதலாளி ஆத்தப்பன். "பயப்படாமப் போய்ட்டு வாங்க கண்ணு. நம்ம பஸ்ஸை விட அது பதனமாப் போகுமுங்க" என்று வழியனுப்பினார்.

விமானம் இறங்கப் போகும் நேரம். பெல்ட் போடச் சொல்லியாயிற்று. அன்று கருத்தம்மா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அனுசுயாவுக்கு வயிற்றைப் புரட்டியது. பணிப்பெண்ணைக் கூப்பிட வெட்கம்.

"அக்கா, வாந்தி வருது. மேல பையில துண்டு இருக்கு. எடுத்துத் தாயேன்."

"செத்த பொறு" என்று கருத்தம்மா பெல்ட்டைக் கழற்றி எழுந்தாள். பணிப்பெண் தூரத்திலிருந்து ஏதோ கத்தினாள். அந்த நொடி விமானம் சட்டென்று கீழே இறங்கியது. கருத்தம்மா கூரையில் போய் மோதி, இருக்கையின் கைப்பிடி மேல் கழுத்து பட விழுந்தாள். இன்னொரு விமானம் தங்கள் தலைக்கு மேலே கடந்து போனதை ஜன்னலோரம் இருந்தவர்கள் பார்த்தார்களாம். அதன் வயிற்றுப் பக்கம் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரிந்ததாம்.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு விமானங்கள் மோத இருந்ததில் நூற்றெழுபது பேர் உயிர் தப்பியதாகப் போட்டிருந்தார்கள். கடைசி வரியில், ஒரு பெண்ணுக்குக் காயம்.

கழுத்தெலும்பு விலகிக் கருத்தம்மாவின் வலது கை செத்துப்போனது. "பஸ்ஸுல நிக்கிற மாதிரி அங்கயும் நின்னுட்டா" என்று கூட வந்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த சந்தனம் தலையிலடித்துக்கொண்டு அழுதான். கருத்தம்மாவும் மறுக்கவில்லை. "ஆமா, பழக்க தோசம்" என்றாள். அனுசுயா சுவரோரம் நின்றிருந்தாள். விமானத்தில் இருக்கைக்கு முன்னாலிருந்த வலைப்பையில் வாந்தி எடுப்பதற்கென்றே காகிதப் பை வைத்திருந்தார்கள் என்பது, கூட வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் காலை, கருத்தம்மாவுக்குத் தலை சீவும்போது மெல்லச் சொன்னாள்: "அக்கா, நாந்தான் எந்திரிக்கச் சொன்னேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்புடுறேன்."

"சொல்லு. நாளையிலருந்து அந்த மனுசன் ஒன்னய வாசப்படி மிதிக்க விடாது. அப்புறம் எந்தலைய யாரு சீவுவா? ஒங்கண்ணனா?"

"நெஞ்ச அறுக்குதுக்கா."

"அறுக்கட்டும். எனக்குக் கை போச்சு, ஒனக்கு அது. சடைய இறுக்கிப் பின்னு."

கருத்தம்மாவின் மெஷினில் இப்போது ஓர் ஒடிசாப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அனுசுயா தினமும் ஏழு மணிக்குப் போய்க் கருத்தம்மாவுக்குத் தலை சீவி, ஜாக்கெட் ஊக்கு மாட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். சந்தனம் டீ போட்டுத் தருகிறான். "ஒன்னய மாதிரி அடக்கமா உக்காந்திருந்தா இவளுக்கு இந்தக் கதி வந்திருக்குமா தாயி?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறான். கருத்தம்மா வேறு பக்கம் பார்க்கிறாள். அனுசுயா டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறாள். இன்றுவரை அவள் சொல்லவில்லை.