மூன்று சிப்டு வீடு

எங்கள் எதிர்வீட்டுத் தெரசாளுக்குத் தூக்கம் என்று ஒன்று தேவையே இல்லை என்று அந்த வீட்டு ஆம்பளைகள் மூன்று பேரும் மனசார நம்பினார்கள். நம்பினால் வசதியாக இருக்கும் விஷயத்தை நம்புவதில் ஆம்பளைகளுக்குக் கஷ்டமே கிடையாது.

அருப்புக்கோட்டையில் நூல் மில்லுச் சங்குதான் எங்கள் தெருவுக்குக் கடிகாரம். தெரசாளின் வீட்டுக்காரர் சவரியப்பன் அந்த மில்லில் ரொம்ப வருஷமாக வேலை பார்த்தார். எண்பதுகளின் கடைசியில் மூத்தவன் ஸ்டீபனையும் இளையவன் ஆரோக்கியத்தையும் அங்கேயே சேர்த்துவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் ஒரே வீட்டு ஆட்களை ஒரே சிப்டில் போட மாட்டார்கள். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எல்லாரும் சேர்ந்தாற்போல் லீவு போட்டுவிடுவார்களாம். அதனால் ஒருவருக்குப் பகல் சிப்டு, ஒருவருக்குச் சாமம் வரை அரை நைட்டு, ஒருவருக்கு விடிய விடிய முழு நைட்டு. வாரம் பிறந்தால் எல்லாம் மாறும்.

அவர்களுக்கு ஆளுக்கொரு சிப்டு, தெரசாளுக்கு மூன்றும். விடியுமுன் கிளம்புகிறவருக்குச் சோறு கட்ட வேண்டும். சாமத்தில் திரும்புகிறவருக்குக் கதவைத் திறந்து, குழம்பைச் சூடு பண்ணிப் பரிமாற வேண்டும். காலையில் வருகிறவருக்கு வெந்நீர் வைக்க வேண்டும். பகலில் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்றால் தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று எவருக்கும் தெரியாது. எங்கள் ஊர்த் தண்ணிப் பஞ்சம் அப்படி.

சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தால் என்ன என்று நானே கேட்டிருக்கிறேன். முடியாதாம். பொண்டாட்டி செத்தவன்தான் தானே போட்டுத் தின்பான். அவள் உயிரோடு இருக்கும்போது ஆம்பளை சோத்துப் பானைக்குள் கரண்டி விட்டால் அவள் உயிருக்கு ஆகாது. இது சவரியப்பன் தன் அப்பாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த சட்டம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷர். இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சிரிப்பார். மகன்களும் அதே சட்டத்தில்தான் வளர்ந்தார்கள்.

நாலைந்து வருஷத்தில் தெரசாள் ஆளே மாறிப்போனாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, முகம் ஊதிவிட்டது. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவாள். பிறகு அதற்காக அழுவாள். படுத்தாலும் தூக்கம் வரவில்லை, சங்கு ஊதிவிட்டதோ என்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் என்பாள். மில்லுக்காரர்களுக்கான ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏகத்துக்கு இருக்கிறது என்றார்கள். ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குவீர்கள் என்று டாக்டர் அவளைக் கேட்க, சவரியப்பன் முந்திக்கொண்டு, அவள் தூங்கவே மாட்டாள், அம்புட்டு சுறுசுறுப்பு என்றாராம். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த தூக்க மாத்திரையை அவள் தொடவும் இல்லை. அதைப் போட்டால் கதவு தட்டுகிற சத்தம் கேட்காதே என்றாள்.

மருமகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று ஆம்பளைகளும் முடிவு செய்தார்கள். ஸ்டீபனுக்குப் பரளச்சியில் ஒரு பெண் அமைந்தது, சகாயராணி என்று. பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜமுக்காளத்தில் சுவரோரம் உட்கார்ந்த தெரசாள், காப்பி வருவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிட்டாள். பெண்வீட்டார் முகம் சுருங்கிப்போனது. சவரியப்பன் அவள் தோளைத் தட்டி எழுப்பினார். திடுக்கிட்டு எழுந்தவள், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விறுவிறுவென்று அந்த வீட்டு அடுப்படிக்குள் போய்ச் சோத்துப் பானையைத் திறந்துவிட்டாள். அங்கே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பெண்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தது.

தெரசாள் அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“என் மகன் நல்ல பிள்ளைதான் தாயி. ஆனா அவனுக்குப் பொண்டாட்டியா உன்னையக் கூப்பிட வரல. எனக்குப் பதிலாக் கூப்பிட வந்திருக்காக. நீ வராத.”

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. ஸ்டீபன் ரொம்ப நாள் அம்மாவோடு பேசவில்லை.

சவரியப்பன் கெட்டவர் இல்லை, யோசிக்காதவர். பரளச்சியில் கேட்ட வார்த்தை அவரைக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகன்களைக் கூப்பிட்டு, இனி அவரவர் போட்டுச் சாப்பிட வேண்டும், ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவை யாரும் எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் சட்டத்தை அவரே உடைத்தார். எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது. தெரசாளுக்குத்தான் பழக்கம் விடவில்லை. சங்கு ஊதினால் எழுந்து வந்து நிற்பாள். போய்ப் படு என்று விரட்டுவார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், உச்சிப் பொழுதில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. தெரசாளின் குடங்களைக் காணோம். சந்தேகப்பட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற ஸ்டீபன் உதட்டில் விரலை வைத்தான்.

“மெதுவாப் பேசுங்கத்தே. அம்மா இன்னைக்குத்தான் அசந்து தூங்குது. குறட்டை கேக்குது பாருங்க.”

சந்தோஷமாகச் சொன்னான், பாவி. நான் உள்ளே போனேன். அடுப்படிச் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு பக்கம் வாய் இழுத்திருந்தது. எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. சேலை நனைந்து கிடந்தது. உலுக்கினேன், கத்திக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோனோம். சவரியப்பன் மில்லிலிருந்து போட்ட துணியோடு வந்து சேர்ந்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, எப்போதிலிருந்து இப்படிக் கிடக்கிறார் என்று டாக்டர் கேட்டார். அரை நைட்டு முடிந்து வந்த ஆரோக்கியம், அம்மா தூங்குகிறாளே என்று சத்தமில்லாமல் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறான். பகல் சிப்டுக்குக் கிளம்பிய சவரியப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார். முழு நைட்டு முடிந்து வந்த ஸ்டீபன், மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான்.

சவரியப்பன்தான் டாக்டருக்குப் பதில் சொன்னார்.

“மூணு பேருமே பாத்தோம்யா. தூங்குறான்னு விட்டுட்டோம்.”

தெரசாள் கண் திறக்காமலே போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்த சவரியப்பன், அவள் உயிரோடு இருக்கும்போதே பானையில் கரண்டி விட்டோம், அதுதான் அவளைக் கொண்டுபோய்விட்டது என்று அழுதார். இத்தனை வருஷம் தூங்க விடாததுதான் கொன்றது என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் காதில் அது ஏறவில்லை.

மறு வருஷம் ஸ்டீபனுக்கு வேறு ஊரில் பெண் எடுத்தார்கள். பழைய சட்டம் திரும்பி வந்துவிட்டது. இப்போது எந்தச் சங்கு ஊதினாலும் எதிர்வீட்டு அடுப்படியில் அந்தப் பெண் எழுந்து நிற்கிறது. அதற்கும் கண்ணுக்குக் கீழே கறுக்க ஆரம்பித்திருக்கிறது.