புலி மேல் என் முகம்

எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் வைத்த பிளக்ஸில் இரண்டு பேருக்கும் தலை மட்டும்தான் சொந்தம். அவர் கழுத்துக்குக் கீழே ஒரு மகாராஜா, என் கழுத்துக்குக் கீழே ஏதோ சீரியல் மகாராணி. என் போட்டோவை அம்மாவிடம் கேட்டு வாங்கித் திருத்தங்கல் டிசைன் கடையில் கொடுத்தவரும் அவர்தான். தெருவே சிரித்தது. அவர் அதன் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடைக்காரன்தான் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிளும் செய்கிறவன். லேபிள் என்றால் ஒட்டுப்போடுவதுதான். இங்கிலீஷ் படத்து உடம்பு, காலண்டர் புலி, வீடியோ கேம் துப்பாக்கி. முகத்துக்கு மட்டும் பயம். நடிகை முகத்தை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால் கல்யாணம், சடங்கு என்று பிளக்ஸுக்கு வந்து கம்ப்யூட்டரில் கிடக்கும் முகங்களில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவான். கூலிக்காரன் பெண்டாட்டி நோட்டீஸா விடப் போகிறாள்?

அந்தத் தீபாவளி சீசனில் நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அணுகுண்டு வெடிக்குப் புது லேபிள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் ஒன்றை எடுத்துப் பார்த்து, "ஏட்டி, இது நீதானே?" என்றாள்.

நானேதான். கறுப்புக் கால்சட்டை போட்டு, புலி மேல் உட்கார்ந்து, இரண்டு கையிலும் துப்பாக்கி. பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் வாய் திறந்தால் அறை வாங்குகிறவள் அங்கே யாருக்கும் பயப்படாமல் இருந்தாள். சாயங்காலம் வரை என் மூஞ்சிக்கு நானே பசை தடவி ஒட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கு லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. பெட்டி அங்கேயும் போயிற்று. மேஸ்திரி லேபிளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, "மாப்ளே, ஒம் பொண்டாட்டிய ஊரே கொளுத்தப் போகுதுலே" என்றிருக்கிறான். மேஸ்திரியை அடிக்க முடியுமா? நேராகத் திருத்தங்கல் போய், கடைக்காரன் முகத்தைக் கீபோர்டில் வைத்து மோதியிருக்கிறார். முன்பல் இரண்டும் போயிற்று. அந்த ஆத்திரம் அடங்காமலே வீட்டுக்கு வந்தார்.

"எவன்ட்டடி மூஞ்சியக் குடுத்த?"

"நீங்கதான் குடுத்தீக, கல்யாணத்துக்கு."

உண்மையைச் சொன்னதற்குத்தான் அடி. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். விழுந்தவளை வயிற்றில் மிதித்தார். பிறகு அடுப்படிக்கு இழுத்துப்போய் கேஸைப் பற்றவைத்தார். "இந்த மூஞ்சி இருந்தாத்தானடி ஒட்டுவான்" என்று எரிகிற பர்னரில் என் கன்னத்தை அழுத்தினார். புருவம் பொசுங்குகிற வாடை வந்தது. கைக்குத் தோசைக்கல் கிடைத்தது. காதோடு சேர்த்து அடித்தேன். அவர் விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தேன். அது தேவையில்லைதான், ஆனாலும் அடித்தேன்.

அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து அவர் முந்திக்கொண்டார். தோசைக்கல்லால் அடித்த ராட்சசி நான். இனி சூலக்கரையில் பெரிய போலீஸ் அதிகாரியிடம்தான் மனு கொடுக்க வேண்டும், கூடவே காயத்தின் போட்டோ இல்லாவிட்டால் உன்னைத்தான் உள்ளே வைப்பார்கள் என்றார் மனு எழுதிக் கொடுத்தவர். அன்றைக்கே தங்கச்சி போனில் எடுத்த படம் இருந்தது. பிரிண்ட் போட அதே கடைக்குத்தான் போனேன். அவனும் அதே கையால் அடிபட்டவன், நோண்டி நோண்டிக் கேட்க மாட்டான்.

"உக்காருங்கக்கா" என்றான். பல் போன வாயில் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் படத்தை நீட்டினான்.

கன்னத்தில் ஒன்றுமே இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. புருவம் முளைத்திருந்தது. உதட்டில் லேசாகச் சாயம் வேறு.

"என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"பாக்க நல்லா இல்லையேன்னு கொஞ்சம் சரி பண்ணேங்க்கா."

கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு, கைப்பழக்கம். பெண் படம் எதுவும் வந்தபடியே அந்தக் கடையை விட்டுப் போனதில்லை. ஆனால் அடுப்படியில் வந்த ஆத்திரத்தைவிட அதிகமாக அப்போதுதான் எனக்குக் கொதித்தது. அந்தப் படத்தை என் கையாலேயே கிழித்தேன்.

"அவன் எரிச்சான். நீ அதையும் அழிச்சிட்டியே. இதக் கொண்டு போனா எவன்லே என்ன நம்புவான்? இருந்தத இருந்தபடி கொண்டா."

அவன் மவுஸைப் பிடித்தான். செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோனான். உதட்டுச் சாயம் போயிற்று, புருவம் போயிற்று. கன்னம் சிவந்து, கறுத்து, தோல் உரிந்து திரையில் வந்தது. சடங்குப் பிளக்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவனும் திரையைப் பார்க்காமல், "இது போதுமாக்கா?" என்றான்.

"இன்னும் பெருசாப் போடு" என்றேன். "பாக்குறவுகளுக்கும் எரியணும்."