குதிரை குடிக்காத தண்ணீர்

கனடாவில் மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு குதிரை லாயம். குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க அங்கே முற்றத்துத் தொட்டிக்குள் ஹீற்றர் போட்டிருந்தார்கள். தண்ணீர் உறையவில்லை, ஆனால் ஒரு குதிரையும் அதில் வாய் வைக்கவில்லை. எலெக்ட்ரிசியனான என்னை அழைத்தவர் லாயத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா. நெடிய உருவம், பின்னலை உள்ளே செருகிய சிவப்புக் கம்பளித் தொப்பி. குதிரைகள் குடிக்குமுன் தன் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

“குடிக்காட்டி வயிறு இறுகிச் செத்துப்போகுங்கள், தம்பி. கை வைச்சுப் பாத்தன், ஒண்டுமில்லை.”

மின்சாரம் அளக்கும் மீற்றரைத் தண்ணீரில் வைத்தேன். மெல்லிய மின்கசிவு இருந்தது.

“கறண்ட் ஒழுகுது அக்கா. நீங்கள் நிக்கிறது ரப்பர் பூட்ஸில. குதிரை நிக்கிறது இரும்பு லாடத்தில. அதுக்குத்தான் அடிக்குது.”

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

ஹீற்றரை மாற்றிவிட்டு, கசிவு நின்றதற்குச் சான்றாக மீற்றரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. பூட்ஸையும் காலுறையையும் கழற்றி எறிந்து, ஈரப் பனியில் வெறுங்காலோடு நின்று, கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

“விசர் வேலை பாக்காதேங்கோ அக்கா, கால் விறைச்சுப்போம்!”

“ஓம், விறைக்கும். இப்பதான் நானும் அதுகள் நிக்கிற மாதிரி நிக்கிறன்.”

வயதான பழுப்புக் குதிரையைக் கூப்பிட்டார். அது முகர்ந்தது, தயங்கியது, பிறகு அவர் கைக்குப் பக்கத்திலேயே வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கியது.

பூட்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. குதிரை தலை நிமிரும்வரை அப்படியே நின்றார். சோதனைதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் நிற்கிறார் என்று கேட்க நினைத்தேன். அது குடிக்கிற சத்தத்துக்கு நடுவே பேச மனம் வரவில்லை.