காப்புக் கட்டிய ஊரில் எறிபந்து

விளையாட்டு மேம்பாடு என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. சிம்மக்கல் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிற சௌராஷ்டிரக் குடும்பம். எங்கள் வீட்டு மொழியில் இந்தப் படிப்புக்கு ஒரு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டு, டிரில் டீச்சருக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்துக்கொண்டார் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் ஊரில் யாருக்கு விளையாட இடமும் நேரமும் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைக்கவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் பாடம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வகுப்பு. கடைசி வருடம் ஆளுக்கோர் ஊரைப் பிடித்து, ஒரு விளையாட்டுத் திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். நான் மேலூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடிய பெண்கள், படிப்பு நின்றதும் பந்தைத் தொடுவதையும் நிறுத்தியிருந்தார்கள். நடவு இல்லாத நாட்களில் சாயங்காலம் அவர்களைச் சேர்த்து ஆட வைத்தேன். இரண்டு மூங்கில் கம்பு, ஒரு வலை, கோலமாவில் கோடு. அணித்தலைவி நல்ல உயரம். எதிர்ப்பக்கத்தில் ஆளில்லாத மூலையாகப் பார்த்துப் பந்தை இறக்குவாள். கூச்ச சுபாவமெல்லாம் கோட்டுக்கு வெளியேதான்.

துறைக் கருத்தரங்கில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. இந்தப் பொண்ணுகளுக்குக் கல்யாணம் ஆனதும் உன் திட்டம் என்ன ஆகும்?"

அணித்தலைவிக்கு அப்போதே மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பக்கத்து ஊர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆடப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல்கலைக்கழக மைதானத்தில், வெளித் தேர்வாளர் முன்னால், விடுதிப் பெண்கள் அணியோடு வைத்திருந்த ஆட்டம்தான் அவளுக்குக் கடைசி. எப்படியாவது அந்த ஒன்றையாவது ஆடிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அந்த வருடம் கண்மாய் நிறைந்துவிட்டது. பல வருடங்களாக நின்றுபோயிருந்த அம்மன் திருவிழாவை நடத்துவதென்று ஊர்க்கூட்டத்தில் திடீரென முடிவாகியிருக்கிறது. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். அணித்தலைவி ஓடி வந்தாள்.

"அக்கா, காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற மட்டும் எங்களால அங்க வர முடியாதுக்கா."

சில ஊர்களில் காப்புக் கட்டினால் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது என்பதோடு விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் எல்லையையே தாண்டக் கூடாது. ஆட்டமோ திருவிழாவுக்கு முந்தின நாள். தேர்வாளர் வருகிற தேதியை மாற்றவும் முடியாது. அவள் அழவில்லை, சிரிக்க முயற்சி செய்தாள். அதைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் பேராசிரியர் அறையில் தேர்வாளரும் போனில் இருந்தார். ஆட்டம் இல்லாமலே அறிக்கையைக் கொடுத்துவிடு என்றார் பேராசிரியர். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"விளையாட்டை ஊருக்குக் கொண்டுபோறதப் பத்தி ரெண்டு வருஷமாப் படிக்கிறோம் சார். ஒரு பஸ்ஸக் கொண்டுபோக முடியாதா?"

பேசியபிறகுதான் பயம் வந்தது. போனில் கேட்டுக்கொண்டிருந்த தேர்வாளர் சிரித்துவிட்டாராம். பஸ் கிடைத்தது.

எல்லை தாண்டாமல் என்ன வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் காப்புக் கட்டிய ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. விடுதிப் பெண்கள் கேன்வாஸ் ஷூக்களைக் கழற்றிக் கண்மாய்க் கரையில் வரிசையாக வைத்தார்கள். தேர்வாளர் சாக்ஸையும் கழற்றி, சுடுமண்ணில் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றார். ஊர்க்காரர் யாரும் வெளியே போக முடியாததால் மொத்த ஊரும் களத்தைச் சுற்றி நின்றது. போதாததற்குத் திருவிழாவுக்கு வந்து இறங்கிய விருந்தாளிகள் வேறு. "மாப்ள, நம்ம பிள்ளைகளாடா இது?" என்று பின்னால் யாரோ கேட்டது எனக்குத் தேனாக இருந்தது.

முதல் செட் எங்களுக்கு. கால் சூடு பழகியதும் விடுதி அணி அடுத்த இரண்டையும் எடுத்துக்கொண்டது. தோற்றதாக ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பானகம் இரண்டு அணிக்கும் சமமாகக் கிடைத்தது. அன்று நான் இருந்த சந்தோஷத்தில் பேராசிரியரின் கேள்வியே மறந்துபோயிருந்தது.

வலையை நான் அவிழ்க்கப் போனபோது, விருந்தாளிகளில் இருந்து ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அணித்தலைவி சட்டென்று என் பின்னால் ஒதுங்கி, இடுப்பில் செருகியிருந்த தாவணியை அவிழ்த்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அதிலேயே அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார். பேராசிரியரும் பானகத் தம்ளரோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்த அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று வலை முடிச்சைப் பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் மூங்கில் கம்பை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். கீழே கலைந்து கிடந்த கோலமாவுக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏந்தாயி, இதுக்கு எம்புட்டு எடம் வேணும்? எங்க வீட்டுக்குப் பின்னால களம் சும்மாத்தான் கெடக்கு."